ரெஃப்ரி பந்தைத் தொட்ட நாள்

கூட வேலை பார்க்கும் பாஸ்கர் போன் செய்தபோது நான் தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். "ரெஃப்ரி பூட்டாருடா" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசினான். எனக்குப் பின்னால் நின்ற பெண் குடத்தால் முதுகில் இடித்து நகரச் சொன்னாள். நகர்ந்தேன். தண்ணீர் பிடித்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வந்திருந்தது. எம்.கே.பி. நகரைச் சேர்ந்த தேவராஜ் என்பவர் சரக்கு ரயில் பாதையை அஜாக்கிரதையாகக் கடக்க முயன்றபோது பெட்டி மோதிப் படுகாயம் அடைந்து ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று போட்டிருந்தார்கள். பெயர் சரி. ஊர் சரி. கடக்க முயன்றார் என்பது பொய். கொருக்குப்பேட்டையில் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக ஊரே தண்டவாளத்தைத் தாண்டிப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள், கைலியை மடித்துக் கட்டிய பெரியவர்கள், நான், எல்லோரும் அப்படித்தான் போவோம். அவர் ஒருவர் மட்டும் சுற்றிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறி இறங்கி வருவார். மகளுக்குப் பரீட்சைக்கு நேரமாகிவிட்ட ஒரு நாளும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தில்தான் ஏறினார். அந்த மனிதரைத்தான் நாலு வரியில் கடக்க வைத்துவிட்டார்கள்.

இதை அவருடைய படத்திறப்புக்காக எழுதுகிறேன். வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அவரை மைதானத்தில் பார்த்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல ஒப்பந்தக் கூலிகள், தண்டவாளத்தில் பார்த்தவர்கள். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் எப்படிச் செத்தார் என்பது விளங்கும்.

தேவராஜ் அண்ணன் வியாசர்பாடி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டங்களுக்கு ரெஃப்ரி. அதற்குக் கூலி பிரியாணிப் பொட்டலமும் வசவும். வார நாட்களில் எங்களோடு தண்டவாள வேலை. துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பாதைகளில் ஜல்லி தள்ளுவது, கட்டை மாற்றுவது, தேய்ந்த தண்டவாளத் துண்டை எடுத்து வேறு துண்டு வைப்பது. ரயில் வருகிறதா என்று பார்த்து எச்சரிக்க ஒரு ஆள் தனியாக நிற்க வேண்டும் என்பது விதி. கொடிக்காரர் என்போம். கொடி கொடுத்த கான்ட்ராக்டர் விசில் கொடுக்கவில்லை. வரும் வரும் என்றார்கள். அண்ணன் சட்டைக்குள்ளிருந்து தன் மைதான விசிலை எடுத்துக் காட்டினார். "உன்னுது கீதா? அப்ப நீயே நில்லு" என்றார் மேஸ்திரி. எங்கள் உயிரைக் காக்கும் பதவிக்கு ஆள் எடுத்த விதம் அவ்வளவுதான்.

ஆனால் அவர் அந்த வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சேர்ந்த முதல் நாள், கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் என்னை நிறுத்தி, விசில் கேட்டால் எந்தப் பக்கம் போவாய் என்று கேட்டார். எது கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கம் என்றேன். பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருந்தது. அதைக் காட்டினார். "இந்த வண்டிக்கு ஒதுங்கி அந்த வண்டி வாயில நிப்பியா நைனா?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் ஒரு இடத்தைக் காட்டி, எல்லோரும் அங்கே, வேறெங்கும் இல்லை என்றார். பாலிடெக்னிக் முடித்தவன் என்ற திமிரில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொல் என்றார். சொன்னேன். தினமும் காலையில் எல்லோரையும் அப்படிச் சொல்ல வைப்பார், பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி. எரிச்சலாக இருக்கும்.

விசில் அடித்ததும் கருவிகளைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்க் கை தூக்க வேண்டும். கடைசிக் கை தூக்கும் வரை ஊதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பாஸ்கர் காதில் ஒயர் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வண்டி போனதும் அண்ணன் நேராக வந்து அவன் மூஞ்சிக்கு எதிரே மஞ்சள் அட்டையை நீட்டினார். மைதானத்து அட்டை, பையிலேயே வைத்திருந்தார்.

"இன்னா மாமு, அடுத்து செவப்பா?" என்று பாஸ்கர் இளித்தான்.

"செவப்பு வூட்ல கீது. அத்த இங்க எடுத்துனு வந்தா டிரைவர் பாத்துட்டு வண்டிய நிறுத்திடுவான்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பது அடுத்த வாரம் புரிந்தது. பாஸ்கர் சிவப்பு டி-ஷர்ட்டில் வந்தான். அதைக் கழற்றித் திருப்பிப் போடும் வரை வேலை தொடங்க விடவில்லை. நாள் முழுக்க அவன் தையலும் லேபிளும் வெளியே தெரிய, ஏசிக்கொண்டே ஜல்லி தள்ளினான்.

டீ விஷயத்தை எல்லோரும் கேலியாகச் சொல்வார்கள். டீ வந்தால் நாங்கள் வேலையை நிறுத்திச் சுவரோரம் வந்துவிடுவோம். அவருக்கும் ஒரு கிளாஸ் கொண்டுபோய் நீட்டுவேன். வேறொருவர் கொடியை வாங்கி அவர் இடத்தில் நிற்கும் வரை வாங்க மாட்டார். ஆறிப்போகிறது என்று ஒரு முறை கையில் திணித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொடிக்காரன் கையில் கொடியும் விசிலும் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். "ரெஃப்ரி பந்த தொடக் கூடாதுடா. தொட்டா அப்பால ஆட்டத்த எவன் பாக்குறது?"

அவர் பயந்தது சத்தம் போடாமல் வரும் பெட்டிகளுக்குத்தான். யார்டில் ஷண்டிங் செய்து பெட்டிகளைத் தடம் மாற்றும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வரும் காலிப் பெட்டிகளில் ஹாரன் கிடையாது, விளக்கு கிடையாது. துணி இழுபடுவது போல ஒரு ஓசை மட்டும் கேட்கும். லாரிகளும் கிரேன்களும் இரைகிற எங்கள் பக்கத்தில் அது காதில் விழாது. "கத்திகினு வர்ற வண்டி யாரையும் கொல்லாது. ஊமையா வர்றதுதான் ஆளை அடிக்கும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குப் போயிருந்தேன். கோல் கொடுக்கவில்லை என்று ஒரு பையன் அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டினான். அண்ணன் எதுவும் நடக்காதது போல ஆட்டத்தைத் தொடர்ந்தார். எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று பிறகு கேட்டேன். "திட்டட்டும். ஆனா பாத்தியா, ஊதின ஒடனே நின்னுட்டான். அது போதும்" என்றார். யார் எவ்வளவு திட்டினாலும் அவர் அசைய மாட்டார் என்று அன்று முடிவு கட்டிக்கொண்டேன். அதனால்தான் பிறகு நான் பேசியபோது அளவு பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கான்ட்ராக்டர் ஆட்களைக் குறைத்தார். எட்டுப் பேர் செய்த வேலைக்கு ஐந்து பேர். வேலை குறையவில்லை. அந்த ஐந்திலும் ஒருவர் கொடியோடு நிற்பார், நாலு பேர் தூக்க வேண்டும். ராத்திரி படுத்தால் இடுப்பு தனியாகக் கிடக்கும். நான் கோபக்காரன் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கூலிச் சுரண்டல் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுவேன். கான்ட்ராக்டரின் கார் வந்து நின்றால் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. அவர் கண்ணாடியை இறக்கி மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போவார். போன பிறகு என் கோபம் எங்கே போகும்? எதிரே ஒரு மனிதர் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் சொன்னேன். எல்லோரும் இருந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்கும் அதே கூலி, எனக்கும் அதே கூலி. நான் தூக்குறேன். நீங்க நிக்கிறீங்க. இது எந்த ஊரு நாயம்?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். ரெஃப்ரி பந்தைத் தொடக் கூடாது என்றார். அதட்டலாக இல்லை. நான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது போல இருந்தது.

"இது கிரவுண்டு இல்லண்ணே. இங்க எங்க முதுகு ஒடையுது."

பாஸ்கர் கை தட்டினான். "நின்ன கூலி" என்று ஒரு பெயரும் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. காலையில் அவர் வந்தால் நின்ன கூலி வந்துச்சு என்பான், நாங்கள் சிரிப்போம். மைதானத்தில் யார் யாரோ திட்டியபோது அசையாதவர், சேர்ந்து சோறு தின்கிறவர்கள் சிரித்தபோது அசைந்தார். நாங்கள் பாரம் தூக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு இன்னும் தள்ளிப் போய் நின்றார். எங்களைப் பார்க்க வெட்கப்பட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அப்படி வா வழிக்கு என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒரு வளைவில் வேலை. தேய்ந்த துண்டை எடுத்துவிட்டோம். புதுத் துண்டை இடுக்கியால் கவ்வித் தூக்கி வைக்க வேண்டும். நாலு பேரால் முடியவில்லை. ஒரு முனை எழுந்தால் மறுமுனை ஜல்லியில் குத்தியது. இரண்டு முறை முயன்றோம். மேஸ்திரி நிழலில் நின்று, மதியத்துக்குள் முடியாவிட்டால் அரை நாள் கூலி என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, ஒரு கை."

அவ்வளவுதான் சொன்னேன். நம் ஊரில் ஆட்டோவைத் தள்ளும்போது சொல்வது, பீரோவை மாடி ஏற்றும்போது சொல்வது. அப்படிக் கூப்பிட்டால் எதிரியானாலும் வந்து பிடித்துவிட்டுத்தான் போவான். வராதவனை மனிதனாகவே மதிக்க மாட்டோம். அது எனக்குத் தெரிந்துதான் கூப்பிட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வளைவில் டேங்கர் பெட்டிகள் நின்றுகொண்டிருந்தன, அதற்கு அப்பால் தெரியாது. வேலையை நிறுத்துங்கள், இன்னும் ஆள் வரட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான் சொல்வார். கொடியை ஜல்லியில் குத்திவிட்டு வந்து, பக்கத்துத் தண்டவாளத்தை ஒட்டி நின்று மறுமுனையைப் பிடித்தார்.

ஐந்து பேர் தூக்கியதும் துண்டு எழும்பியது. பாஸ்கர், பார்த்தீங்களா என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தான். டேங்கர்களுக்குப் பின்னாலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தில் காலிப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. பார்த்தது அவர்தான். வுடு என்று கத்தினார். விட்டோம். நாங்கள் நாலு பேரும் சுவர்ப் பக்கம் விழுந்தோம். துண்டு எங்களுக்கும் அவருக்கும் நடுவில் விழுந்தது. அவர் இருந்த பக்கம் ஒதுங்க இடமில்லை. பெட்டியின் படிக்கட்டு இடுப்பில் அடித்தது.

அவர் என்னைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றினார் என்று மைதானத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அவர் மேல் இருக்கும் அன்பில் யாரோ சொன்னது. அவர் யாரையும் தள்ளவில்லை. அவர் தியாகியும் இல்லை, அஜாக்கிரதைக்காரரும் இல்லை. கூப்பிட்டோம், வந்தார். அங்கே நிற்க வேண்டிய எட்டுப் பேர் நின்றிருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டோம். மூன்று பேரின் கூலியை மிச்சம் பிடித்தவர் பெயர் அந்த நாலு வரியில் இல்லை. என் பெயரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் மாலை அவருக்கு நினைவு இருந்தது. அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கிட்ட வா என்று விரலைக் காட்டினார்.

"கேட்டா, நானாதான் வந்தேன்னு சொல்லு. இல்லாட்டி உன் வேல பூடும்."

சரி என்று தலையாட்டினேன். வாயால் சொல் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் நாங்கள் நாலு பேரும், அவரா வந்தாரு சார் என்று சொன்னோம். அதற்கு முன்பே கான்ட்ராக்டரின் ஆள் டீக்கடையில் எங்களை உட்கார வைத்து அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்குப் பயந்து சொன்னதாக நான் சொல்ல மாட்டேன். என்னிடம் அண்ணனே கொடுத்த அனுமதி இருந்தது. நாங்கள் சொன்ன 'அவராக வந்தார்' இரண்டு மேசை தாண்டுவதற்குள் 'வேலையிலேயே இல்லை' ஆகி, 'கடக்க முயன்றார்' என்று அச்சில் வந்துவிட்டது. கடந்தவர் என்றால் அவர் தொழிலாளி இல்லை, அத்துமீறி நுழைந்தவர். அந்தக் குடும்பத்துக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மேகலா அண்ணி மாத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். காரியம் முடிந்த வாரம், வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாருனா கூப்ட்டாங்களா தம்பி என்று கேட்டார். நான் குனிந்துகொண்டிருந்தேன், தெரியவில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மகள் யாழினி பந்தாடப் போவதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் சொன்னார். ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசின உங்கப்பாவே ஃபவுல் பண்ணிட்டாரே என்று யாரோ அவளிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவன் பொல்லாதவனாக இருக்க வேண்டியதில்லை. செய்தியைப் படித்திருப்பான். அந்தச் செய்தி எங்கள் வாயிலிருந்து போனது.

இதை எழுத உட்கார்ந்து, பாதியில் எழுத முடியாமல், போன ஞாயிறு காலை எம்.கே.பி. நகருக்குப் போனேன். அண்ணி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நின்ன கூலி என்ற பெயரையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொன்னால் என் பங்கு கொஞ்சம் குறையும் என்ற நப்பாசை இருந்தது.

அண்ணி துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை.

"நான் எத்தினி வாட்டி கூப்ட்ருக்கேன் தெரியுமா? சிலிண்டர் தூக்கணும் வாயேன், எங்கம்மாவ பாக்கணும் வாயேன். மேட்ச் கீதும்பாரு. வரவே மாட்டாரு. நீ ஒரு வாட்டி கூப்ட்ட, வந்துட்டாரு."

பிழிந்த துணியை உதறிப் பக்கெட்டில் போட்டார்.

"அவரு அப்டித்தான் சொல்லுவாரு. கூப்டலன்னு சொல்லிடுன்னுதான் சொல்லுவாரு. நீ அதுக்கு ஒத்துக்குவியா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே யாழினி இருந்தாள். அவளிடமும் நீயே சொல்லிட்டுப் போ என்றார் அண்ணி. சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். அது எனக்கு உரியது.

வரும் வாரம் விசாரணை மறுபடி இருக்கிறது. பாஸ்கரும் மற்ற இருவரும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களை நான் கட்டாயப்படுத்த முடியாது. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் நான் அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்பதை அவர்கள் இங்கேயே கேட்டுவிட வேண்டும். தேவராஜ் வேலையில் இருந்தார். அவர் எதையும் கடக்கவில்லை. ஆள் போதாத இடத்தில் நான் கூப்பிட்டேன், வந்தார். என் வேலை போகும். போகட்டும்.

ஒருவர் போன பிறகு அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். அவர் எத்தனையோ சொன்னார், எல்லாவற்றுக்கும் சலித்துக்கொண்டோம், சிரித்தோம், மீறினோம். அவர் சொன்னதில் ஒரே ஒன்றைத்தான் மறுபேச்சில்லாமல் உடனே கேட்டேன், அது எனக்கு வசதியாக இருந்ததால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சாகும்வரை வைத்திருப்பேன். ஆனால் இனி அதை வாயால் சொல்ல மாட்டேன்.